பித்தளை ஊசி

ரோண்டா வெர்லனை விட்டுப் போன மறுவருஷம், அவளைக் கட்டிக்கொண்டவனே ஒரு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வெர்லனின் கடைக்கு வந்தான். வேறு எங்கே போவான்? சியரா மலையடிவாரத்தில் அந்த ஊருக்கு இருந்தது ஒரே ஒரு துப்பாக்கிப் பட்டறை.

ட்ராய் நெவாடாக்காரன். சிறைக் காவலர் வேலைக்காகக் கலிஃபோர்னியாவுக்கு வந்தவன், வந்த இடத்தில் வெர்லனின் மனைவியையும் பார்த்துக்கொண்டான்.

"இது கைப்பிடியா, சுறாமீன் துடுப்பா? கட்டைவிரலைச் சுத்திப் புடிக்கவே முடியலயேய்யா!"

"அதுக்குத்தானே அப்படிச் செஞ்சிருக்கான். இங்க சட்டம் அப்படி. நல்ல பிடி வேணும்னா தோட்டாப் பெட்டி கழலக் கூடாது. பெட்டி கழலணும்னா நல்ல பிடி இருக்கக் கூடாது. ஒண்ணை விட்டுக்குடுத்துத்தான் ஆகணும்."

"விட்டுக்குடுத்துப் பழகினவன் நீ. எனக்கு என்ன தலையெழுத்து?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வெர்லன் துப்பாக்கியை வாங்கி மேசையில் வைத்தான்.

அரசாங்கம் ஒரு வார்த்தை எழுதினால், கம்பெனிக்காரன் அந்த வார்த்தையை உரசிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு சாமான் செய்துவிடுவான். பெட்டியை விரலால் அழுத்திக் கழற்றக் கூடாது என்றார்கள். தோட்டா முனையால் அழுத்துகிற பொத்தான் வந்தது. அதையும் தடுத்தார்கள், துப்பாக்கியை நடுவில் திறந்தால்தான் பெட்டி கழலும்படி பூட்டு வந்தது. இந்தக் கூத்தில்தான் வெர்லனின் பிழைப்பு ஓடியது.

"சரி, அந்தப் பூட்டையே போட்டுக் குடு. பிடியை மாத்திடு" என்றான் ட்ராய். வாசல்வரை போனவன் திரும்பினான். "நேத்து உன் பொண்ணு கெய்லா என்னை அப்பான்னு கூப்பிட்டா. உனக்குச் சொல்லணும்னு தோணிச்சு."

பூட்டுக்குள்ளே பெட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஊசி எஃகு. வெர்லன் அதை உருவி எறிந்துவிட்டு, பித்தளையில் ஒன்று கடைந்து, எஃகு மாதிரி தெரியக் கறுப்பு ஏற்றிப் பொருத்தினான். ட்ராய் வந்து பொத்தானை அழுத்தி இழுத்துப் பார்த்தான். பெட்டி அசையவில்லை. சுடச் சுடத்தான் பித்தளை தேயும்.

வேனில் முழுக்க ட்ராய் ஞாயிறு தவறாமல் சுடுகளத்துக்கு வந்தான். வெர்லன் பொறுத்திருந்தான். ஒருநாள், அங்கே சுட வந்த ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரர் லாமரிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்:

"ட்ராயோட பெட்டி கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கு. என் கண்ணுதான் சரியில்லையோ என்னமோ."

லாமர் போய்க் கேட்டார். ட்ராய்க்குச் சிரிப்பு.

"உங்க வெர்லன் போட்ட பூட்டு சார். நல்லாப் பாத்துக்கங்க."

எல்லோரும் பார்க்க, தானே பொத்தானை அழுத்தினான். பெட்டி சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"யோவ், சொல்லுய்யா! நீதானே போட்ட?"

"நான் குடுத்தப்ப பூட்டிதான் இருந்துச்சு. நீயே இழுத்துப் பாத்தியே. வீட்டுல கொண்டுபோய் என்ன நோண்டினியோ, எனக்கு என்ன தெரியும்?"

நல்ல பிடியும் கழலுகிற பெட்டியும் ஒரே துப்பாக்கியில் இருந்தால் அங்கே குற்றம். கைவிலங்கு மாட்டினார்கள். ட்ராயோடு வந்திருந்த கெய்லா, சுடுகளத்து ஓரத்துச் சாப்பாட்டு மேசையிலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்தாள். வெர்லன் அவளை வாரிக்கொள்ளக் குனிந்தான். அவள் அவனைத் தாண்டி ட்ராயிடம் ஓடினாள்.

மறுவாரம் லாமர் அந்தப் பூட்டை வெர்லனிடமே கொண்டுவந்து காட்டினார். வெர்லன் பொய்யே சொல்லவில்லை. "இது பித்தளை. கடையில வர்றது எஃகு. தொழில் தெரிஞ்ச எவனும் இதைப் போடமாட்டான்" என்றான்.

வழக்கை நடத்த ட்ராயிடம் தெம்பில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு சில மாதச் சிறையோடு தப்பித்தான். இனித் துப்பாக்கி தொடக் கூடாது. சிறைக் காவலனாக இருந்தவன் கைதியாக இருந்துவிட்டு வந்தான். வேலை எங்கே இருக்கும்?

ரோண்டா பட்டறைக்கு வந்தாள்.

"நீதான் பண்ணின."

"போய்ச் சொல்லேன்."

"சொன்னேன். பழைய புருஷன்மேல பழி போடுறேன்னு சிரிக்கிறாங்க."

"அவனை அனுப்பிடு. நீயும் பாப்பாவும் இங்கயே இருங்க. நான் பாத்துக்கறேன்."

ரோண்டா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நெவாடாவுல, எல்கோவுல அவன் அண்ணன் சுரங்க வேலை வாங்கித் தரான். நாங்க மூணு பேரும் போறோம். யாரோட இருக்கணும்னு ஜட்ஜ் கெய்லாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவதான் போகணும்னு சொன்னா."

வெர்லன் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தான். இதை அவன் நினைத்தே பார்க்கவில்லை.

அடுத்த வருஷ இலையுதிர் காலத்தில் ஒருமுறை மலையைத் தாண்டி எல்கோவுக்கு வண்டி ஓட்டினான். கெய்லா வெளியே வரவில்லை. பனி விழுவதற்குள் இன்னொரு முறை போனான். அப்போது கதவே திறக்கவில்லை. அப்புறம் போவதை விட்டுவிட்டான்.

செய்த காரியத்துக்காக அவன் வருந்தியதாகத் தெரியவில்லை. குடித்தால் மட்டும் ஒன்றைச் சொல்லிச் சொல்லி ஆறமாட்டான்: ட்ராய்க்கு ஜட்ஜ் இன்னும் இரண்டு வருஷம் கூடப் போட்டிருந்தால், மகள் இங்கேயே இருந்திருப்பாள்.