வாரிவிடாத தலை

மலாயாவில், தம்பின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சியில் இருந்தாள் ஞானசுந்தரி. வெள்ளைக்கார அரசு கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களோடு மோதிய அவசரகாலத்தில், காட்டோரம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தோளில் குண்டடிபட்டு, கையைத் தூக்க முடியாமல் கிடந்தாள் ரப்பர் பால்மரம் வெட்டும் பஞ்சாலை என்பவள். தினமும் ஞானசுந்தரிதான் அவளுக்குத் தலைவாரிவிடுவாள். "லண்டன் போய்ப் படிக்கப்போகிறவள், நோயாளியோடு ஒட்டிப் பழகாதே" என்று மேட்ரன் கண்டித்தபின் நிறுத்திவிட்டாள்.

கப்பலுக்குக் கிளம்பும் அன்று பஞ்சாலை கூப்பிட்டாள்.

"தங்கச்சி, சாயங்காலம் எம்புருசன் பார்க்க வர்றாரு. இன்னிக்கு மட்டும் சீவி விடுலா."

"ஆயாகிட்ட சொல்லுங்கக்கா" என்று முகம் பாராமல் நகர்ந்தாள்.

புண் சீழ்பிடித்துப் பஞ்சாலை இறந்த சேதி லண்டனுக்கு வந்தது. அந்த வாரம்தான் அங்கே வார்டு சிஸ்டர் நோயாளிக் கிழவி ஒருத்தியின் சீப்பை ஞானசுந்தரியிடம் நீட்டி, "முதலில் தலைவாரிவிடு, மனசு தேறும்" என்றாள்.

அன்றைக்கு ஒரு நிமிஷம் நின்றிருக்கலாமே என்று ஞானசுந்தரி அங்கேயே அழுதாள்.