துணைக்கேள்வி இல்லை

தொகுதியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கேள்வியம்மா என்றால்தான் தெரியும். அரசியலுக்கு வருமுன் பதினெட்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவள். டாக்டர்கள் கிறுக்கியதைப் படித்துப் படித்து, ஒரு தாளில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கும் கண் அவளுக்கு வந்திருந்தது. பேரவைக்குப் போன பிறகும் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் உண்டா, பாலத்துக்கு அடியில் கடைசியாக எட்டிப் பார்த்தது யார், எந்தத் தேதியில் என்று ஒன்பது வருஷத்தில் அறுநூற்றுச் சொச்சம் கேள்விகள். ஆளுங்கட்சியில் இருந்துகொண்டு ஆளுங்கட்சியையே குடைகிறாளே என்று சொந்தக் கட்சியில் முணுமுணுப்பு உண்டு. அவள் கணவர் கணக்கு வாத்தியார். எங்கள் வீட்டில் உப்பு போட்டாச்சா என்று கேட்டால், எப்போது, எவ்வளவு, யார் உத்தரவின் பேரில் என்று மூன்று கிளைக்கேள்வி வரும் என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் தபாலில் அந்தக் கடிதம் வந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள். சொந்த ஊர் இவள் தொகுதிதான். தலைநகரில், அரசு நடத்தும் பணிபுரியும் பெண்கள் விடுதியில் தங்கியிருப்பவள். விடுதியின் பின்படிக்கட்டுக் கதவு எப்போதும் வெளியே பூட்டியே இருக்கிறது, சாவி வார்டன் வீட்டில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வார்டன் வருவதில்லை என்று எழுதி, கீழே அளவுகோல் வைத்து ஒரு வரைபடமும் போட்டிருந்தாள். கடைசி வரி இது: 'கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். வேறெதுவும் வேண்டாம்.'

அலுவலகத்தில் அவளுக்குத் துணையாக இருந்தவர் ஒரு வயதான தட்டச்சர். அவரை உட்காரவைத்து அன்றைக்கே கேள்வியைச் சொல்லச் சொல்ல அடிக்கவைத்தாள். அரசு மகளிர் விடுதிகளில் தீ விபத்துப் பாதுகாப்பு ஆய்வு நடந்ததா, நடந்தது எனில் கண்ட குறைகள் என்ன? முதல் கேள்வியைப் பொதுவாகத்தான் கேட்க முடியும். அமைச்சர் பதில் சொன்னபிறகு துணைக்கேள்விக்கு இடம் உண்டு. பூட்டு விஷயத்தை அங்கே எடுக்கலாம் என்பது அவள் கணக்கு.

கேள்வி எடுத்துக்கொள்ளப்பட்ட நாள் காலையில், அவை வாசலில் கட்சிக் கொறடா அவளை நிறுத்தினார். அவளுடைய தொகுதிக்குப் பெண்கள் கல்லூரி வேண்டும் என்று அவள் ஒன்பது வருஷமாக நாயாய் அலைந்தது அவருக்குத் தெரியும். அந்தக் கோப்பு இப்போது மேலே கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னைக்கு அமைச்சரைச் சங்கடப்படுத்திட்டு, நாளைக்கு அவர்கிட்டயே போய் நிக்க முடியாது பாருங்க. அவர் பதில் சொல்வார். நன்றி சொல்லிட்டு உக்காந்துடுங்க," என்றார்.

அமைச்சர் எழுந்து, நாற்பத்தொரு விடுதிகளும் ஆய்வு செய்யப்பட்டன, குறை எதுவும் இல்லை என்று படித்தார். சபாநாயகர் அவள் பக்கம் திரும்பினார். கடிதம் அவள் கையில் இருந்தது. நான்காக மடித்து வைத்திருந்தாள். அடுத்த கூட்டத்தொடரில் கேட்டுக்கொள்ளலாம், கதவு எங்கே ஓடிவிடப்போகிறது என்று ஒரு நினைப்பு ஓடியது.

"அமைச்சருக்கு நன்றி. துணைக்கேள்வி இல்லை," என்று சொல்லி உட்கார்ந்தாள்.

மறுவாரமே கல்லூரிக்கு உத்தரவு வந்தது. ஏழாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, விடுதியின் முன்படிக்கட்டுக்கு அடியில் இருந்த மின்பெட்டி பற்றிக்கொண்டது. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்த நேரம். முன்பக்கம் புகை அடைத்துவிட, எல்லோரும் பின்படிக்கட்டுக்கு ஓடினார்கள். பதினோரு பேர் அந்தக் கதவுக்குப் பின்னால் செத்துக் கிடந்தார்கள். சந்தில் கடை வைத்திருந்த பஞ்சர் ஒட்டுகிறவர் கடப்பாரையோடு ஓடிவந்திருக்கிறார். உள்ளே தட்டிக்கொண்டே இருந்தார்கள், நான் பூட்டை உடைப்பதற்குள் தட்டுவது நின்றுவிட்டது என்று அவர் செய்தியாளரிடம் சொன்னதை அவள் பேப்பரில் படித்தாள். இறந்தவர்கள் பட்டியலில் ஐந்தாவது பெயர், கடிதத்தின் கீழே இருந்த பெயர்.

அன்றிலிருந்து அவளுக்குத் தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

முதலில் பேரவையில்தான். முதல்வர் ஏதோ அறிவிக்க, உறுப்பினர்கள் வழக்கம்போல மேசையைத் தட்டினார்கள். ஒன்பது வருஷமாகக் கேட்ட சத்தம். அன்றைக்கு அது உள்ளங்கைகள் பலகையில் மோதும் சத்தமாக, ஒன்றின்மேல் ஒன்றாக, அவசரமாகக் கேட்டது. எழுந்து வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வீட்டிலும். குளித்துக்கொண்டிருக்கும்போது தட்டும். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். கணவர் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். "நீங்களா தட்டினீங்க?" என்பாள். இல்லையே என்பார். நாலைந்து தடவைக்குப் பிறகு அவர் வெறுமனே அவளை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார். வீட்டில் ஒரு கதவையும் அவள் தாழிடவில்லை. கழிப்பறைக் கதவைக்கூடச் சாத்தி மட்டும் வைத்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் அது எதற்கு என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். வாங்கவில்லை.

இதற்கிடையே ஒரு வாடகைக் கட்டடத்தில் கல்லூரி தொடங்கிவிட்டது. கார் அந்தப் பக்கம் போனால் பெண்கள் கையசைப்பார்கள். அவளும் அசைப்பாள். அசைத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகும்.

அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அதன் தலைவர். அவர் முன்னால் அரசு வைத்த முதல் அறிக்கையிலேயே, விடுதி பற்றி யாரிடமிருந்தும் எந்தப் புகாரும் வந்ததில்லை என்று இருந்தது. அது பேப்பரில் வந்த மறுநாள், மக்களைச் சந்திக்கும் நேரத்தில், ஒரு பெண் வந்து வரிசையில் உட்கார்ந்தாள். விரலில் ஊசி குத்திய தழும்புகள். தையல்காரி. இறந்துபோன பெண்ணின் அக்கா.

"என் தங்கச்சி உங்களுக்கு ஒரு லெட்டர் போட்டதா சொன்னா," என்றாள். "வந்துச்சாம்மா?"

கேள்வியம்மா மேசையில் இருந்த மனுக்களை அடுக்கினாள். "நிறைய லெட்டர் வருது. தேடிப் பார்க்கச் சொல்றேன்."

சொன்ன அந்த நொடியே அது அவள் காதில் அமைச்சர் பதில்போல விழுந்தது. தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது. இந்தப் பதிலைக் கேட்டு எத்தனை அமைச்சர்களை அவள் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். தையல்காரி சரிம்மா என்று எழுந்துபோனாள். ஒரு சந்தேகமும் இல்லாமல் போனாள். அதுதான் கேள்வியம்மாவைக் கொன்றது.

வரிசையில் நடந்த பேச்சு காதுக்கு எட்டி, அன்று மத்தியானமே கொறடா போன் செய்தார். அந்த மாதிரிக் கடிதம் எதுவும் வந்திருந்தால் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் நல்லது என்றார். போனை வைத்ததும் தட்டச்சர் அவள் மேசைக்கு வந்து நின்றார். கடிதத்தைப் பிரித்து அவளிடம் கொடுத்தவரே அவர்தான். வேறு யாருக்கும் அது தெரியாது.

"எனக்கு அதைப் பார்த்த ஞாபகம் இல்லைன்னு சொல்லிடறேன்மா," என்றார்.

"ஞாபகம் இருக்குல்லண்ணே?"

"இருக்கு."

"அப்போ இருக்குன்னே சொல்லுங்க."

மறுநாள் காலை கடிதத்தோடு தையல்காரியின் கடைக்குப் போனாள். ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் நகரவேண்டிய கடை. தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டுக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். வரைபடத்தை விரலால் தடவினாள்.

"கேட்டீங்களா?"

"பாதி கேட்டேன். பூட்டைப் பத்திக் கேக்கல."

"ஏன்?"

ஒளிக்காமல் சொன்னாள். கொறடா, கோப்பு, கல்லூரி, உட்கார்ந்தது, எல்லாம். தையல்காரி அழவில்லை, திட்டவும் இல்லை.

"அந்தக் காலேஜ்ல எத்தனை பிள்ளைங்க படிக்குது?"

"நூத்தி இருபது."

"எங்க வீட்ல ஒருத்திதான் இருந்தா," என்றாள் தையல்காரி. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அங்கிருந்து நேரே ஆணையத்துக்குப் போய்க் கடிதத்தை ஒப்படைத்தாள். நகல் ஒன்றை வைத்துக்கொண்டாள். பேரவை கூடியதும் தனிப்பட்ட விளக்கம் தர அனுமதி கேட்டாள். சபாநாயகருக்கு விஷயம் தெரியாது. இரண்டு நிமிடம் கொடுத்தார். அவள் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். வந்த தேதியைச் சொன்னாள். அவைக்குறிப்பில் எந்தப் பக்கத்தில் 'துணைக்கேள்வி இல்லை' என்று இருக்கிறது என்பதைச் சொன்னாள். அப்படிச் சொன்னதற்கு ஈடாகத் தனக்குக் கிடைத்தது என்ன என்பதையும் சொன்னாள். கொறடா எழுந்து ஏதோ கத்தினார். "அன்னைக்குக் கேக்காததை இப்போ கேக்கறேன்," என்றாள். "அந்தக் கதவு ஏன் பூட்டியிருந்தது?"

எதிர்க்கட்சி வரிசைகள் மேசையைத் தட்டத் தொடங்கின. அரசு மாட்டிக்கொண்ட சந்தோஷம் அவர்களுக்கு. நூறு கைகள் பலகையில் விழுந்தன. அவள் உட்காரவில்லை, வெளியே ஓடவும் இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, அது ஓயும்வரை நின்று கேட்டாள். ஓய வெகுநேரம் ஆனது.

அதற்குப் பிறகு காரியங்கள் நடந்தன. நாற்பத்தொரு விடுதிகளையும் நிஜமாகவே போய்ப் பார்த்தார்கள். பதினேழில் பின்கதவு பூட்டியிருந்தது. தங்கும் விடுதிகளில் வெளியேறும் கதவு உள்ளிருந்து கையால் தள்ளினால் திறக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. வார்டனும் ஒரு பொறியாளரும் சிறைக்குப் போனார்கள். அமைச்சருக்கு இலாகா மட்டும் மாறியது. கேள்வியம்மாவுக்குக் கட்சி அடுத்த தேர்தலில் சீட்டுக் கொடுக்கவில்லை. கல்லூரியின் சொந்தக் கட்டடத் திறப்பு விழாக் கல்வெட்டிலும் அவள் பெயர் இல்லை. பதினோரு உயிரை விற்று வாங்கிய காலேஜ் என்று யாரோ கல்லூரிச் சுவரில் எழுதிவிட்டுப் போனார்கள். கணவர் வாளியும் துடைப்பமுமாய்க் கிளம்பினார். வேண்டாங்க, அது இருக்கட்டும் என்று அவள் தடுத்துவிட்டாள்.

அவள் மறுபடி மருந்துக்கடைக்கே போனாள். தட்டும் சத்தம் முன்போலத் தினமும் வருவதில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு தரம் வரும். யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்ப்பாள்.

ஒரு நாள் காலை பேருந்து நிறுத்தத்தில் தையல்காரியைப் பார்த்தாள். பெஞ்சில், தைத்து முடித்த துணிப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேள்வியம்மா தள்ளியே நின்றாள். வெயில் ஏறியது. தையல்காரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். கேள்வியம்மா போய்ப் பை இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். தையல்காரியின் பேருந்து முதலில் வந்தது.