விதைக்கிழங்கும் புதுக் கம்பளியும்

அந்தப் பக்கத்தில் அவரை எல்லோரும் ‘மிச்சம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எரிந்து முடிந்த தீக்குச்சியைக்கூட ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். ஓர் அடுப்பிலிருந்து இன்னோர் அடுப்புக்கு நெருப்பு எடுக்க உதவுமாம். குளிர்காலத்தில் வீட்டில் ஓர் அறையை மட்டும் சூடாக்கிவிட்டு, மற்ற கதவிடுக்குகளில் கிழிந்த சாக்குகளைத் திணித்துவிடுவார். சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் அந்த ஓர் அறையில்தான். அவர் மனைவிக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான்: கம்பளி. கல்யாணமான வருஷம் அவருடைய அக்கா வாங்கித் தந்தது. பதினொரு குளிர்காலம் போயும் பிளாஸ்டிக் உறை பிரியாமல் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. விருந்தாளிக்காம். விருந்தாளி வந்தாலோ, “நல்ல கம்பளியாச்சே, அழுக்காயிடும்” என்று தன் பழைய கம்பளியைக் கொடுத்துவிட்டு, அவர் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு படுப்பார்.

அன்று மத்தியானமே காற்று நின்றுவிட்டது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. சாயங்காலம் பால் கறந்து முடித்தபோது அவளுக்கு விரல்கள் மடங்கவில்லை.

“என்னங்க, இன்னைக்கு உறைபனி விழும். விதைக்கிழங்கு மேல வைக்கோல் பத்தாது.”

“அதான் முழங்கால் உயரத்துக்குப் போட்டிருந்தேனே.”

“போட்டீங்க. போன வாரம் பாதியை உருவி மாட்டுக்கும் போட்டீங்க.”

“சும்மாதானே கிடந்துச்சு.”

“சும்மா இல்ல, கிழங்கைப் போர்த்திக்கிட்டுக் கிடந்துச்சு.”

கொட்டகை மூலையில் குவித்திருந்த அந்த உருளைக்கிழங்கு உறைந்துபோனால், குளிர் விட்டதும் மண்ணில் போட ஒன்றும் இருக்காது. அது அவருக்கும் தெரியும். தன் பழைய கம்பளியை எடுத்து அவளிடம் நீட்டினார். சல்லடையே தேவலை போலிருந்தது அது.

அவர் பால் கேனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனதும் அவள் பெட்டியைத் திறந்தாள். உறை பிரிந்த சத்தத்துக்கு, யாருமில்லாத வீட்டிலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கம்பளியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கொட்டகைக்குப் போய்க் குவியலின்மேல் விரித்து, ஓரங்களை உள்ளே செருகினாள். சுவரோரம் ஒரு வரிசைக்கு எட்டவில்லை. அதற்குப் பழைய கம்பளி. வெற்று உறையை மடித்துப் பெட்டியிலேயே வைத்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள்.

“டேய், கைகால் மரத்துப் போச்சு. நான் குடுத்த கம்பளியை எடு. இல்ல, அதை உன் பேரனுக்கு எடுத்து வச்சிருக்கியா?”

கொடுத்தவளே கேட்கும்போது என்ன சொல்வது? அவர் பெட்டியைத் திறந்தார். உறையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“கம்பளி எங்க?”

“கொட்டகையில, கிழங்கு மேல.”

அவர் உறையும் கையுமாகக் கொட்டகைக்கு நடந்தார். பெண்கள் இருவரும் பின்னால் போனார்கள். கொட்டகையில் தொட்டித் தண்ணீர் கெட்டியாகியிருந்தது. சுவரோரத்து வரிசையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து அழுத்தினார், கல். புதுக் கம்பளிக்கு அடியில் கையை விட்டு இன்னொன்றை எடுத்து நகத்தால் கீறினார். வெள்ளையாக, ஈரமாக இருந்தது. நடுவில் ஒன்று, அடியில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று கீறிக்கொண்டே போனார். வாசலில் நின்ற மனைவி ஒவ்வொரு கீறலையும் எட்டிப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை.

“பதினொரு வருஷத்துக்கப்புறம் போர்த்திக்க ஆள் கிடைச்சிடுச்சு!” என்றாள் அக்கா.

“மண்ணாக்கிட்டேன் அண்ணி.”

“போடி, நீ போர்த்திக்கிட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.”

அவர் கம்பளியின் ஓரத்தை மறுபடி செருகினார். “இப்ப துவைச்சா சோப்பு வீண். விதைக்கிற வரைக்கும் இங்கயே கிடக்கட்டும். அப்புறம் துவைச்சு, அந்த உறையில...”

“அப்புறம் நான் போர்த்திக்குவேன்” என்றாள் மனைவி.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா மாட்டைப் பார்த்தாள்.

உறைந்த கிழங்குகளை அன்றே வேகவைத்தார்கள். அக்கா தம்பியின் கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்து ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“என்னடா இது, தித்திக்குது?”

“பனி பட்டா அப்படித்தான்” என்றார் அவர், இன்னொன்றை எடுத்துக்கொண்டே. “சர்க்கரை மிச்சம்.”