விசிலுக்கு அப்புறம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒட்டுக்கேட்டேன். தங்கைக்குத் தூக்கம் போய்விட்டதென்று அரசாங்க மனநல நிலையத்துக்குத் துணையாகப் போயிருந்தேன். ஒரு பக்கம் சாயும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஆலோசகர் அறைக் கதவைக் காட்டி, சீட்டு எழுதும் பெண்ணிடம் குனிந்து கேட்டார்:

"இவங்களாவது இருப்பாங்களாம்மா?"

அவள் நிமிரவில்லை. "எனக்கென்ன சார் தெரியும்? கதவுல ஒட்டின பேரைக் கிழிக்கிறதுக்குள்ள அடுத்தவங்க வந்துடுறாங்க."

நான் கேட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு கோபிக்கக்கூடாது கண்ணுகளா.

2

தொடக்கம் சரியாக வரவில்லை.

அவர் ஒரு பேருந்து ஓட்டுநர், ஆனால் இப்போது ஸ்டியரிங்கைத் தொட்டாலே—

ஆலோசகர்கள் வருவார்கள், போவார்கள், நாற்காலி மட்டும்— (மேடைப் பேச்சு. அடித்துவிட்டேன்.)

மூன்றாம் முறை பேனாவை எடுத்தபோதுதான் உறைத்தது: இதே வேலையைத்தானே அந்த மனிதரும் செய்துகொண்டிருக்கிறார். புதிதாக வரும் ஒவ்வொரு ஆலோசகரும், "மொதல்லேருந்து சொல்லுங்க" என்பார். இவரும் கதையைப் பணிமனையிலிருந்து கிளப்புவார். அவருடைய நடத்துனரை ஊரெல்லாம் 'ரைட்டு' என்றுதான் கூப்பிடும். ஒரு மழை நாளில் ரைட்டு பின்னால் நின்று விசில் ஊத, இவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். அந்த விசில் பாதியில் நின்றது.

சொல்லி அதுவரை வந்திருப்பார். அடுத்த வாரம் நாற்காலியில் வேறு முகம் இருக்கும். ஒருவருக்கு ஒப்பந்தம் முடிந்தது. ஒருவருக்கு வேறிடத்தில் நல்ல வேலை. இன்னொருத்திக்கு, பாவம், ஊரார் கவலையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே தூக்கம் போயிற்று. இதை யாரும் இவரிடம் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் மனிதர் தாமாக ஒரு காரணத்தை நட்டு வைத்துக்கொண்டார்: என் கதைதான் அவர்களை விரட்டுகிறது.

3

நான்காவதாக வந்தவள் சின்னப்பெண். மூன்று பேர் பார்க்க வேண்டிய கூட்டத்தை ஒருத்தியாகப் பார்ப்பவள். "மொதல்லேருந்து" என்று அவள் தொடங்கியதும் இவர் வேறு தடத்தில் வண்டியைத் திருப்பிவிட்டார்.

"நம்ம கண்டக்டர் இருக்கானே மேடம், ரைட்டு, வீட்டுல படுக்கப் போனாகூட பொண்டாட்டிகிட்ட, 'உள்ள தள்ளிப் போங்க, பின்னாடி எடம் இருக்கு'ன்னுதான் சொல்வானாம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். காலையிலிருந்து அழுகையைக் கேட்டவள்.

அடுத்த வாரமும் அவளே இருந்தாள். அதற்கடுத்த வாரமும். தூக்கம் எப்படி என்று கேட்டால், "படுத்தா எந்திரிக்கறதே இல்லை" என்பார். கூடவே ரைட்டு நேற்று என்ன சொன்னான், இன்று யாரோடு மல்லுக்கு நின்றான் என்று ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். அந்த அறையில் மட்டும் ரைட்டு உயிரோடிருந்தான்.

(முந்தியவர்கள் எழுதி வைத்திருக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். கணினியை மாற்றினார்கள், இவருடைய பெயர், வயது, 'தூக்கமின்மை' மூன்றும் மட்டும் கரை சேர்ந்தன. நம்பக் கஷ்டமாக இருந்தால், ஏதாவது அலுவலகத்துக்குப் போய்வந்து மீதியைப் படியுங்கள்.)

இவரை நான் முழுசாக நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வளவு பொய்யை இவ்வளவு சிரிப்போடு சொல்கிறவருக்கு உள்ளங்கை வேர்க்குமா? வேர்க்கும் என்று எழுதினேன். பேன்ட்டில் துடைத்துக்கொண்டார் என்று எழுதியதும்தான் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது.

4

இன்று அவள் சொல்கிறாள்: "நீங்க நல்லாத் தேறிட்டீங்கண்ணா. வண்டி எடுக்கலாம்னு எழுதிக் குடுத்துடுறேன். வெளிய எத்தனை பேரு காத்துட்டு இருக்காங்க, பார்த்தீங்கல்ல?"

திங்கட்கிழமை அவர் கையில் ஒரு பேருந்து கொடுப்பார்கள். உள்ளே நிற்கவும் இடமில்லாமல் ஜனம். பின்னால் யாரோ விசில் ஊதுவார்கள்.

அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால், அவள் இருந்து கேட்கலாம். இப்படி முடித்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

சொன்ன பிறகும் அவள் போய்விடலாம். அவள் பையில் ராஜினாமா இருக்கிறது. அது இவரைப் பார்ப்பதற்கு முன்பே முடிவானது. ஆனால் இவர் என்ன நினைப்பார்?

சொல்லாமல் காகிதத்தை வாங்கிக்கொண்டு, நன்றி மேடம் என்று— (இதை எழுத எனக்குக் கை வரவில்லை. திங்கட்கிழமை அந்தப் பேருந்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை ஏறும்.)

5

அவள் எழுதத் தொடங்கிவிட்டாள். அவர் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்கிறார்.

"மேடம், ரைட்டு இல்ல. செத்துட்டான்."

பேனா நிற்கிறது.

"அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கல. சண்டை. விசில் நின்னுச்சு. வழக்கமா நின்னா, 'என்னடா'ன்னு கேப்பேன். அன்னைக்கு..."

விசிலுக்கு அப்புறமான கதைக்குள் அவர் யாரையும் கூட்டிப் போனதில்லை. எனக்கும் அங்கே வழி தெரியாது. எதிரில் ஒருவர் எழுந்திருக்காமல் இருந்தால்தான் மீதி வரும். அவள் இருப்பாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பையின் வார் அவள் தோளில் இருக்கிறதா, நாற்காலியில் இருக்கிறதா என்றுகூட நான் இன்னும் எழுதவில்லை.

இன்றும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தங்கையின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அவளுக்கும் இன்று புது ஆளாம். நான் போக வேண்டும்.

நீங்களாவது இருங்கள்.