மூன்று கைத்தட்டு

மலைச்சாமி திருவில்லிப்புத்தூர் அணிக்குப் போய்விட்டான் என்ற செய்தி, 1987 தை மாதத்தில் ஒரு காலை நேரம், ராஜபாளையத்து மில் வாசலுக்கு வந்து சேர்ந்தது. தவசிமுத்து டீயைப் பாதியில் வைத்துவிட்டார். அவர் மில்லில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர். உள்ளூர் தென்றல் கால்பந்துக் குழுவின் ரசிகர்களுக்கெல்லாம் தலை. மலைச்சாமி ஐந்து வருடமாக அந்தக் குழுவின் சென்டர் பார்வர்டு.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்துவிட்டான் என்றார். ரசிகர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் அந்த ஊர். இவர்களோ கப்பலேறிப் போனவனைப் போலப் பேசினார்கள். இரண்டு ஊர் அணிகளும் மோத இருந்த கோப்பைப் பைனலில் அவன் என்ன ஆடினாலும் நம் பக்கம் ஒருத்தனும் கைதட்டக் கூடாது என்று தவசிமுத்துதான் சட்டம் போட்டார்.

வீட்டில் அந்தச் சட்டம் செல்லவில்லை. மலைச்சாமி அதே மில்லில் அத்தனை வருடமும் பதிலி ஆள். யாராவது லீவு போட்டால்தான் அவனுக்கு வேலை. அந்த ஊர் அணியை நடத்தும் ஆலையில் நிரந்தர வேலை கொடுத்திருந்தார்கள்.

“நீங்க பழைய மில்ல விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீங்க?” என்றாள் மனைவி ஜெயபாய். “பெர்மனென்டுக்குத்தான? அவன் மட்டும் கடைசி வரைக்கும் பதிலியா கெடக்கணுமோ?”

“ஏட்டி, அது வேற.”

எப்படி வேறு என்று அவருக்கே தெரியவில்லை. அந்தக் கோபத்தையும் மலைச்சாமி மேலேயே போட்டுக்கொண்டார்.

பைனல் திருவில்லிப்புத்தூரில் நடந்தது. ஆளுக்கு ஒரு கோல் என்று நிற்க, முடிய மூன்று நிமிடம் இருக்கையில் அந்த ஊர் அணிக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவன் மலைச்சாமி.

அவன் பிறவி அவசரக்காரன். சேர்ந்த புதிதில் பெனால்டியையெல்லாம் வானத்துக்கு அடிப்பான். “ஏலே, நான் மூணு தட்டு தட்டுதேன். மூணாவது கேட்ட பொறவு அடி” என்று அவனைப் பழக்கியவர் தவசிமுத்து. அதன்பிறகு ஒன்றுகூடத் தப்பியதில்லை.

இப்போது ரெப்ரி விசில் ஊதியும் அவன் அடிக்கவில்லை. ராஜபாளையத்துக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே மூச்சுச் சத்தம்கூட இல்லை. ரெப்ரி மறுபடியும் ஊதினார். மலைச்சாமியின் கால் பரபரப்பது தவசிமுத்துவுக்கு அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. இவன் வெளியே அடிக்கப் போகிறான். அப்படி அடித்தால் கோப்பை நமக்குக் கிடைக்கலாம். போன இடத்தில் முதல் பைனலிலேயே பெயர் கெட்டால் அந்த வேலை அவனுக்கு நிலைக்குமா?

தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

பந்து வலைக்குள் போய் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தவசிமுத்துவைப் பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது. கோப்பை போனதில் அவருக்கும் வயிறு எரிந்தது. ஆனாலும் கோல் போட்டவன் குதிக்காமல் இந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டபோது கண் நிறைந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. இடம் கிடைக்காதவர்கள்கூட நின்றுகொண்டே வந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், யார் ஜெயித்தது என்று ஜெயபாய் கேட்டாள். தவசிமுத்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“நம்ம பயதான்” என்றார்.