பல் டாக்டரிடம் சொல்ல ஒரு வாக்கியம்

1

அக்கா அந்த வலி மாத்திரையை விட்டு இன்றோடு நானூற்றுப் பன்னிரண்டு நாள். நான் கதை எழுத உட்காரவில்லை. கடைவாய்ப் பல் பிடுங்கப் போகும்போது டாக்டரிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் எழுதித் தரச் சொன்னாள். அது நீண்டு இப்படி ஆகிவிட்டது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக் பிடிக்கச் சொல்லி அவள் கத்தினால் பக்கத்து வண்டியும் நிற்கும். நானோ வேதியியல் படித்த ஊமைக்கோட்டான் (பட்டம் அவள் கொடுத்தது).

2

வரைவு ஒன்று: “மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனது மருத்துவ வரலாற்றில்...”

“என்னடி இது, லீவ் லெட்டரா?”

வரைவு இரண்டு: “எனக்குச் சில வலி மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது.”

பொய். ரொம்ப நன்றாகவே ஒத்துக்கொண்டன. அதுதான் சிக்கல்.

வரைவு மூன்று: “என் தோழி ஒருத்திக்கு...”

[கைவிட்டேன்.]

3

ஒரு மாணவர் வண்டியைப் பின்னால் எடுத்துச் சுவரில் மோதினார். அக்காவுக்கு முதுகில் அடி. பத்து நாளைக்குக் கொடுத்த மாத்திரை மூன்று வருடம் ஓடியது. மாத்திரை முதலில் வலியைத் தின்றது, பிறகு அவளை...

[இந்த வரி அழகாக வருகிறது. அதனாலேயே நிறுத்துகிறேன்.]

4

அக்கா என்கிற இந்தக் கதாபாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்: இவ்வளவு தைரியசாலி ஏன் இப்படித் திட்டம் போடுகிறாள்?

“மரத்துப்போற ஊசியே வேணாம். பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிடுறேன்.”

“எந்தப் பல்லைக்கா?”

கன்னம் வீங்கியிருந்தும் சிரித்துவிட்டாள். “ஐயோ, சிரிக்க வைக்காதடி, வலிக்குது!”

“அந்த ஊசி ஈறை மட்டும்தான் மரத்துப்போக வைக்கும்க்கா. வேற எந்த ஆசையையும் கிளப்பாது. அப்புறம் சாதாரண வலி மாத்திரையே பெரும்பாலும் போதும். ஆனா உன் விஷயம் தெரிஞ்சாதான் எது சரின்னு டாக்டர் முடிவு பண்ண முடியும். தெரியாம பழையதையே எழுதிட்டார்னா?”

“சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுவேன்.”

“கிழிப்பியா?”

பேனாவை என் பக்கம் தள்ளினாள். “சரி, உண்மையையே எழுதிக் குடு.”

5

டாக்டர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கையுறை மாட்டினார். “பெரிய பல்லு. வீட்டுக்குப் போனதும் வலிக்கும். கொஞ்சம் வலுவாவே எழுதித் தர்றேன். உடம்புக்கு வேற ஏதாவது உண்டா?”

“இல்ல டாக்டர்,” என்றாள் அக்கா, சட்டென்று.

இங்கே மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

(அ) தங்கை முந்திக்கொண்டு சொல்கிறாள். நானா? கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காதவள்.

(ஆ) இருவரும் வாய் திறக்கவில்லை. சீட்டு எழுதப்படுகிறது. மருந்துக்கடை அடுத்த கட்டடம்தான். இதை எழுதியதும் அடித்துவிட்டேன்.

(இ) டாக்டரே கண்டுபிடித்துவிடுகிறார். அது சோம்பேறி எழுத்தாளர் வேலை.

நடந்தது இவற்றில் இல்லை. அவர் பேனாவை எடுத்ததும் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து அவர் கையைப் பிடித்தாள். முணுமுணுப்பு நின்றது. நான் எழுதிக் கொடுத்த தாளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் என்ன பதில் சொன்னார், பல் எப்படி வந்தது, அன்று ராத்திரி எப்படிப் போனது, எல்லாம் உங்கள் பொறுப்பு. நல்லபடியாகவே எழுதுங்கள். என் கதை அவள் சொன்னதோடு முடிகிறது. தெருவரை கேட்கிற அதே குரலில் சொன்னாள்:

“டாக்டர், நான் வலி மாத்திரைக்கு அடிமையா இருந்தவ. மூணு வருஷம். இப்ப விட்டுட்டேன்.”