களிக்கடையின் பின்கதவு

தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த மறுவருஷம், 1966 சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, கடத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த லூர்தம்மாளின் களிக்கடைப் பின்கதவு டென்மார்க் தேசத்துத் தலைநகரமான கோபன்ஹேகனில் ஒரு சாப்பாட்டு விடுதிக்குள் திறந்துகொண்டது. அதே வாரம் சந்தையில் கேழ்வரகு படிக்கு நாலணா ஏறிவிட்டதால் ஊரில் கேழ்வரகைப் பற்றித்தான் பேச்சு. அதுவரை அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு முருங்கைமரமும் பாத்திரம் கழுவும் கல்லும் இருந்தன. அவை எங்கே போயின என்று வெளியே சுற்றிப்போய்ப் பார்த்தவர்களுக்குப் பக்கத்து இரும்புக்கடையின் சுவர்தான் கண்ணில் பட்டது. லூர்தம்மாளின் வீட்டுக்காரர் மரியசூசை பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், இங்கிலீஷுக்குப் பயப்படாதவர். அவர்தான் முதலில் உள்ளே போய் ஒரு தீப்பெட்டியோடு திரும்பினார். தபாலாபீஸ் ராஜப்பன் அதன்மேல் அச்சடித்திருந்த விலாசத்தை எழுத்துக்கூட்டிப் படித்து ஊர்ப்பெயரைச் சொன்னார். அந்த ஊருக்கு விமானத் தபாலில் போட என்ன ஸ்டாம்பு ஒட்ட வேண்டும் என்பதையும் கூடவே சொன்னார். இங்கே உச்சிவெயில் கொளுத்தினாலும் கதவைத் திறந்தால் அங்கே எந்நேரமும் இராச் சாப்பாட்டு வேளையாகவே இருந்தது. கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிட்டது.

லூர்தம்மாளின் கடையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கிணறு வெட்டுகிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் வண்டிக்காரர்களும் சாப்பிடும் கடை அது. காலையில் களி வெந்ததும் கிளறும் துடுப்பால் அதன்மேல் ஒரு சிலுவை கீறிவிட்டுத்தான் உருட்டத் தொடங்குவாள். ஓர் உருண்டைக்கு இரண்டு கையும் வேண்டும். குழம்பு அவரைக்கொட்டையோ கருவாடோ, அன்றைக்கு எது வாய்க்கிறதோ அது. சாப்பிடுகிறவர் தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டி மறிக்கும்வரை அவள் போட்டுக்கொண்டே இருப்பாள். வாயால் போதும் என்று சொன்னால் அவள் காதில் விழாது. வாய் கூச்சத்துக்காகப் பொய் சொல்லும், கை சொல்லாது என்பது அவள் கட்சி. இருபது வருஷத்தில் ஒரு ஆளும் கையை மறிக்காமல் எழுந்துபோனதில்லை என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பெருமை. கோயிலூர் மாதாகோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட இதைச் சொல்லியிருக்கிறாள். பெருமை பாவம் என்று அவர் 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னாராம்.

கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த விடுதியை நினைத்தாலே இன்றைக்கும் குமட்டுகிறது. சுவருக்குக் காரை பூசாமல் செங்கல்லை அப்படியே விட்டிருந்தார்கள், அதுவும் காசு இல்லாததால் அல்ல. தட்டு முறத்தகலம் இருக்கும், அதன் நடுவில் சுண்டைக்காய் அளவில் ஏதோ ஒன்று கிடக்கும், அதைச் சுற்றி மாட்டு வாயில் வடிகிறாற்போல் நுரை. ஆக்செல் என்ற தலைமைச் சமையல்காரர் காலில் தைத்த முள்ளை எடுக்கும் முள்வாங்கி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, பாறையில் சுரண்டிய பாசியை ஒவ்வொரு இழையாக அதன்மேல் அடுக்குவார். ஒரே கரண்டியை வாயில் வைத்துச் சப்பி, அதே கரண்டியை அடுத்த பாத்திரத்தில் விட்டுக் கலக்குவார். லூர்தம்மாள் முதல்நாள் இதைப் பார்த்துவிட்டுச் "சீ, எச்சக் கரண்டி" என்று வாசற்படியோடு திரும்பிவிட்டாள். சாப்பிட வந்தவர்கள் கை கழுவவில்லை, துணியில் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் கடித்ததை இன்னொருவருக்கு ஊட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். புதைத்து வைத்து அழுகவிட்ட மீனை மோந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அந்த வருஷம் இங்கே மழை பொய்த்துப் பெண்கள் கரட்டோரமாக எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பை உதறிவிட்டு, அது சேர்த்து வைத்த தானியத்தை முறத்தில் அள்ளி வந்தார்கள். அங்கே தானியத்தை விட்டுவிட்டு எறும்பை உயிரோடு வெண்ணெயில் ஒட்டித் தின்றார்கள்.

ஆக்செலுக்கு இந்தப் பக்கத்துப் பஞ்சம் மிகவும் பிடித்துப்போயிற்று. கத்தாழைக் குருத்து, வறுத்த புளியங்கொட்டை, கள்ளிப்பழம் என்று இங்கே வேறு வழியில்லாமல் தின்றதையெல்லாம் மரியசூசை கூடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே அவற்றை நகக்கண் அளவுக்கு நறுக்கிக் கல்மேல் வைத்தார்கள். ஒவ்வொன்றையும் மேசைக்குக் கொண்டுவரும் ஆள், இதைப் பொறுக்கிய பெண் எத்தனை மைல் நடந்தாள், அவள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் பட்டினி என்று காதோரம் குனிந்து சொல்வான். கேட்டவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மெல்லுவார்கள். பதிலுக்கு மரியசூசைக்கு ஒரு வெள்ளை ஏப்ரனும் ஏராளமான மரியாதையும் கிடைத்தன. மனிதர் அந்த மரியாதையில் கவிழ்ந்துவிட்டார். ஆடி பிறப்பதற்குள் கடையில் 'மாடர்ன்' என்று போர்டு மாட்டி, பழைய அலுமினியத் தட்டுகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, கறுப்புக் கல்பலகைகளை இறக்கினார். களி கோலிக்குண்டு அளவுக்கு வந்தது. ஒரு ஆளுக்கு மூன்று குண்டு, பக்கத்தில் விரலால் இழுத்துவிட்ட கீரைக்கோடு ஒன்று. வெட்கக்கேடு என்னவென்றால், யூனியன் ஆபீஸ் குமாஸ்தாக்களும் இரண்டு வாத்தியார்களும் இதற்கென்றே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, விழுங்க வேண்டிய களியை மென்றார்கள். லூர்தம்மாள் சண்டை போட்டாள். "பாக்கறதுக்கா சோறு, திங்கறதுக்குங்க" என்றாள். மரியசூசை அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கீரைக்கோட்டை இன்னும் மெல்லிசாக இழுத்தார்.

சென்றாயன் கிணறு வெட்டுகிறவன். வத்தல்மலை அடிவாரத்துக்காரன், மூன்று உருண்டை தின்று நான்காவதுக்குத்தான் கையை மறிக்கிறவன். ஆவணி முதல் புதன்கிழமை நஞ்சப்பன் வயல் கிணற்றில் அறுபதடிக்குக் கீழே பாறை உடைக்க இறங்குமுன் சாப்பிட வந்தான். முந்தின நாள் முழுக்க வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அன்றைக்குப் பார்த்து ஆக்செலும் அவருடைய சிநேகிதி ஒருத்தியும் கதவைத் தாண்டி வந்து கடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சென்றாயன் மூன்று குண்டுகளையும் ஒரே வாயில் போட்டுவிட்டுக் கல்பலகையைப் பார்த்தபடி இருந்தான். கையை மறிக்கவில்லை. லூர்தம்மாள் உள்ளே தனக்கென்று கிளறி வைத்திருந்த களியில் ஓர் உருண்டை பிடித்து எடுத்து வந்தாள்.

மரியசூசை பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏ லூர்து, வெளியூருக்காரங்க பாக்கறாங்க. உள்ள கொண்டுபோ" என்றார்.

அவள் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று பிற்பாடு அவளே பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லி முடிக்கிற நேரம் என்பாள். அதற்குள் சென்றாயன், "பரவால்லீங்க்கா, வடம் போட்டுட்டாங்க, நேரமாச்சு" என்று சொல்லி இரண்டு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவன் சோறு தேடிய கண்ணை ஆக்செலின் சிநேகிதி ஒரு சிறிய நோட்டில் படமாக வரைந்துகொண்டாள். மத்தியானம் கிணற்றிலிருந்து மேலே ஏறும்போது அவனுக்குக் கண் இருட்டி, வடத்தில் கை நழுவிற்று. அவன் பெண்டாட்டி பாஞ்சாலி ஓடி வருமுன் பிணத்தை மேலே எடுத்துக் கட்டிலில் போட்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து ஏழாம் நாள் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. செய்தி அந்தப் பக்கமும் போயிருந்தது. ஆக்செல் கேட்டாரென்று மரியசூசை அந்தக் கிணற்று மேட்டிலிருந்து ஒரு கூடை மண் அள்ளிக்கொண்டு போனார். அதைச் சலித்து, வறுத்து, கண்ணாடிக் கிண்ணங்களில் ஆளுக்கு ஒரு சிட்டிகை வைத்தார்கள். விருந்தாளிகள் விரலால் தொட்டு நக்கினார்கள். ஒரு பெரிய மனிதர் கண்ணீர் விட்டார், பிறகு இன்னொரு கிண்ணம் கேட்டார். இதைக் கதவிடுக்கில் பார்த்த லூர்தம்மாள் அடுப்பிலிருந்த களிச்சட்டியைச் சும்மாட்டோடு தலையில் ஏற்றி, துடுப்பைக் கையில் பிடித்து உள்ளே போனாள். ஆக்செலின் மண்டையைப் பிளப்பதற்கென்றுதான் போனாள், அவளே சொல்லியிருக்கிறாள்.

மூலை மேசையில் சென்றாயன் உட்கார்ந்திருந்தான். கோவணமும் தலைத்துண்டும், உடம்பெல்லாம் கிணற்றுச் சேறு. முன்னால் வெறும் கல்பலகை. லூர்தம்மாள் துடுப்பைக் கீழே வைத்தாள். திரும்பிப்போய்ப் பரண்மேல் இருந்து ஓர் அலுமினியத் தட்டை இறக்கிக் கழுவிக்கொண்டு வந்தாள். சட்டியில் சிலுவை கீறி, இரண்டு கையாலும் உருட்டிப் போட்டாள். அவன் விழுங்கினான். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது போட்டாள். கையை மறிக்கவில்லை. சட்டி காலியாயிற்று. "நாளைக்கு வர்றேன், எந்திரிச்சுடாத" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கே 'மாடர்ன்' போர்டு அடுப்புக்குப் போயிற்று, இந்தப் பக்கம் பழைய தட்டும் பழைய உருண்டையும் திரும்பின. மரியசூசை கோபித்துக்கொண்டு அந்தப் பக்கமே தங்கிவிட்டார்.

இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்தவன் பசியோடு இருந்தால் போட வேண்டியதுதானே என்றார்கள். லூர்தம்மாள் அறுவடைக் காலத்தில் ஒரு சட்டி, பஞ்ச காலத்தில் அரைச் சட்டி என்று ஒருநாள் தவறாமல் கொண்டுபோனாள். பெரிய வெள்ளியன்று அவள் மட்டும் ஒருசந்தி இருந்து பட்டினி கிடந்தாள், அவன் தட்டுக்குக் களி தவறவில்லை. பாஞ்சாலி வெள்ளிக்கிழமைதோறும் கருவாடு சுட்டு எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்காருவாள்.

"ஏன்யா, வூட்டுக்கு வரக்கூடாதா?" என்று ஆரம்பத்தில் கேட்டாள்.

"இன்னும் சாப்பாடு முடியலையே, பாஞ்சாலி" என்றான் சென்றாயன். அவள் பிறகு அதைக் கேட்கவில்லை. மகள் சடங்கான செய்தி, மாடு விற்ற செய்தி என்று சொல்லிவிட்டு வருவாள்.

அங்கேயோ அவன் சாப்பிடுவதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. மூலை மேசைக்குப் பக்கத்து இருக்கைகளுக்கு ஆறு மாதம் முன்னதாக எழுதிப்போட வேண்டுமாம். வெளியே பனியில் வரிசையில் நின்றார்கள். தங்களுக்கு முன்னால் இருந்த சுண்டைக்காயைத் தொடாமல் அவன் தொண்டையில் உருண்டை இறங்குவதை எண்ணினார்கள். கை மறிக்கும் வழக்கத்தை மரியசூசை அவர்களுக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். உடனே அதுவும் நாகரிகமாயிற்று. ஒன்றுமே வைக்காத தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்துவிட்டு, நிறைந்துவிட்டது என்று ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்தார்கள். அவர்களில் ஒருவருக்காவது ஓர் உருண்டை களி போட்டுப் பார்க்கலாம் என்று லூர்தம்மாளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் சட்டியைத் தூக்கும்போது அந்த மண் நக்கிய நாக்குகள் நினைவுக்கு வரும், ஓங்கரித்துக்கொண்டு வரும். யாருக்கும் ஒரு பருக்கை போடவில்லை.

1977 ஐப்பசியில் நல்ல மழை. நஞ்சப்பன் கிணற்றில் தண்ணீர் கையால் மொள்ளும் உயரத்துக்கு வந்தது. கார்த்திகை இரண்டாம் திங்கட்கிழமை, முழங்கால் வலியோடு லூர்தம்மாள் சட்டியைக் கொண்டுபோனாள். புதுக் கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. முதல் உருண்டையை விழுங்கினான், இரண்டாவதை விழுங்கினான், மூன்றாவதைக் கொஞ்சம் மெதுவாக விழுங்கினான். நான்காவதை அவள் உருட்டிக்கொண்டு குனிந்தபோது சென்றாயன் சேறு காய்ந்த வலது கையைத் தட்டுக்குக் குறுக்கே நீட்டினான்.

லூர்தம்மாள் உருண்டையைத் தட்டுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு கேட்டாள். "நெசமாவா சென்றாயா?"

"நெசமாத்தாங்க்கா. வயிறு ரொம்பிருச்சு."

விடுதி முழுக்க எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். ஆக்செல் தலைக்குல்லாயைக் கழற்றிக் கும்பிட்டார், அவருக்குப் பின்னால் நின்ற மரியசூசையும் கைதட்டினார். லூர்தம்மாள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சென்றாயனை முன்னால் நடக்கவிட்டுக் கதவுவரை வந்தாள். வாசற்படியில் நின்று, இருபுறமும் பார்த்து, அந்தப் பளபளத்த மரத்தரையில் பதினோரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் காறித் துப்பினாள். பிறகு மரியசூசையை அந்தப் பக்கமே விட்டுக் கதவைச் சாத்தினாள். சென்றாயன் கடை வாசல் தொட்டியில் கை கழுவி, வாய் கொப்பளித்து, வத்தல்மலைப் பக்கம் நடந்து போனதை டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பாஞ்சாலிக்கு ஆள் அனுப்பத் தேவைப்படவில்லை, அவள் ரோட்டிலேயே எதிரில் வந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பாத்திரம் கழுவப் பின்கதவைத் திறந்தபோது கல் பழைய இடத்தில் இருந்தது. முருங்கைமரம் கவனிப்பார் இல்லாமல் கூரைக்கு மேலே வளர்ந்து, காய்கள் முற்றி வெடித்துப்போயிருந்தன. லூர்தம்மாள் தொரட்டியால் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்துக் கீரையை உருவினாள். அன்றைக்குக் களிக்கு முருங்கைக்கீரைக் கடைசல்தான்.